சிலோன் ஸ்டேஷனில் கேட்ட பொப் பாட்டு

(நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியது. நேரம் போதாமல் விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)



போன கூட்டத்தில் முழங்கால் தேய்மானம் பற்றி ஒரு டாக்டர் பேசினார். அதற்கு முந்தின கூட்டத்தில் உயில் எழுதுவது பற்றி ஒரு வக்கீல் பேசினார். இரண்டுமே உபயோகமான பேச்சுத்தான். ஆனால் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும்போது யார் முகத்திலும் சிரிப்பு இல்லை. அதனால் இந்தத் தடவை கொஞ்சம் சந்தோஷமான விஷயமாகப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷம் பேங்கில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு லெட்ஜரை விட்டால் என்ன தெரியும்? ரேடியோ தெரியும். எழுபதுகளின் ஆரம்பத்தில் நம் பக்கத்தில் ரேடியோவில் கேட்ட பாப் பாட்டுகளைப் பற்றிச் சொல்கிறேன்.

பாப் என்றதும் நம் குடியிருப்பில் பம்பாயில் வளர்ந்தவர்கள் பீட்டில்ஸ் என்பார்கள். இந்தி கேட்டவர்கள் 'ஆராதனா', 'பாபி' என்பார்கள். நான் சொல்லப்போவது 'பொப்'. எழுத்துப் பிழை இல்லைங்க. இலங்கைத் தமிழர்கள் அதை அப்படித்தான் எழுதுவார்கள், அப்படித்தான் சொல்வார்கள். 'பொப் இசைப் பாடல்' என்று கொழும்பு அறிவிப்பாளர் சொன்னதைக் கேட்டுத்தான் சூலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த எனக்கு அந்த வார்த்தையே தெரிய வந்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது, வருஷம் 1972.

முதலில் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம். இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் செல்போனில் விரலை வைத்தால் பாட்டு வருகிறது. அன்றைக்கு வால்வு ரேடியோவைப் போட்டால் அது சூடேறவே ஒரு நிமிஷம் ஆகும். முதலில் பச்சைக் கண் மெல்ல விழிக்கும், பிறகு ஒரு இரைச்சல், அப்புறம்தான் குரல். கூரைக்கு மேலே இரண்டு கம்பம் நட்டு நடுவில் வலை மாதிரி ஏரியல் கட்டியிருக்கும். அந்த ஏரியலைப் பார்த்தே இது வசதியான வீடு என்று ஊரில் முடிவு செய்துவிடுவார்கள். மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. நம் ஊர்ப் பெட்டியும் இருந்தது. ஜி.டி. நாயுடு அவர்களின் யு.எம்.எஸ். பெயரில் கோயமுத்தூரிலேயே ரேடியோ தயாரானது. பெரியவர்கள் அதைச் சொந்தக்காரர் கடைச் சரக்கு மாதிரி ஒரு பெருமையோடு சொல்வார்கள்.

ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். தபாலாபீசில் வருஷத்துக்கு 15 ரூபாய் கட்டி ஒரு சின்னப் புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்கிவர வேண்டும். எண்பதுகளின் நடுவில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. பேங்க்காரன் கண்ணால் பார்த்தால் இந்தக் கணக்கு வேடிக்கையானது. பணம் போனது டெல்லிக்கு. நாங்கள் பாட்டுக் கேட்டது கொழும்பில்.

ஏன் கொழும்பு? கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1952-ல் பி.வி. கேஸ்கர் மத்திய ஒலிபரப்பு அமைச்சர் ஆனார். சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட இல்லாமலே போனது. அதே சமயம் இலங்கையில், இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் படைப்பிரிவு வைத்துவிட்டுப் போன சக்தி வாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி இருந்தது. 1949-ல் அதை வைத்து ரேடியோ சிலோன் கிளம்பியது. அடுத்து வர்த்தக ஒலிபரப்பு வந்தது. இந்தியாவில் கிடைக்காததைத் தருகிறோம் என்று அவர்கள் கடையைத் திறந்தார்கள். வாடிக்கையாளர் கூட்டம் கோடிக்கணக்கில். இந்தியில் அமீன் சயானியின் பினாகா கீத்மாலா அங்கிருந்துதான் 1952 கடைசியில் ஆரம்பமானது. 1957 அக்டோபரில் விவித் பாரதி வந்தது, 1967-ல் அதில் விளம்பரமும் வந்தது. கோவை வானொலி நிலையமும் 1966-ல் வந்துவிட்டது. ஆனாலும் பழகின வாடிக்கை அவ்வளவு சீக்கிரம் மாறுமா? எதிர்க்கடை திறந்த மறுநாளே யாராவது பழைய கடையை விடுகிறார்களா என்ன?

இதில் எனக்கு எப்போதும் சிரிப்பு வருவது ஒன்று. சினிமாப் பாட்டு மெட்ராஸில் பதிவாகும். தட்டு கொழும்புக்குப் போகும். அங்கிருந்து காற்றில் ஏறி நம் ஊருக்குத் திரும்பி வரும். நம் மில் நூல் வெளியூர் போய்த் துணியாகி மறுபடி நம் கடைவீதிக்கே வருகிற மாதிரி. மெட்ராஸ் என்ன, அதற்கு முன்னால் கோயமுத்தூருக்கே அதில் பங்கு உண்டு. எழுபதுகளில் ரேடியோவைத் திறந்தால் எம்.எஸ். விஸ்வநாதன் இசைதான். அந்த எம்.எஸ்.வி. சின்னப் பையனாக எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, எஸ்.எம். சுப்பையா நாயுடுவிடம் தொழில் கற்றது நம் திருச்சி ரோட்டு சென்ட்ரல் ஸ்டுடியோவில்.

சிற்றலை எப்படி வருகிறது என்று அப்போது பள்ளிக்கூட சயன்ஸ் வாத்தியாரிடம் கேட்டேன். வானத்தில் உயரத்தில் அயனி மண்டலம் என்று ஒன்று இருக்கிறது, அலை அதில் மோதித் திரும்பி வருகிறது என்றார். அந்த மண்டலம் நிலையாக நிற்காது. அதனால்தான் பாட்டு ஒரு அலை மாதிரி ஏறும், இறங்கும், சில சமயம் சரணத்தின் நடுவில் காணாமலே போய்விடும். கோயமுத்தூரிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் சுமார் 550 கிலோமீட்டர். சென்னையும் 400-க்கு மேல். வானத்து வழியில் பார்த்தால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. அப்போது இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றேதான். அறிவிப்பாளர் நேரம் சொன்னதும் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு முள்ளைத் திருப்பி வைப்பார் அப்பாரு. காலையில் 'பொங்கும் பூம்புனல்' முடிவதற்குள் குளித்து முடித்திருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. அப்பா மில்லில் வேலை. நைட் ஷிப்ட் வாரத்தில் பகலில் தூங்குவார். அந்த வாரம் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து, பெட்டியின் துணி மறைப்பில் காதை ஒட்டி வைத்துத்தான் கேட்க வேண்டும். எல்.ஆர். ஈஸ்வரி 'வெள்ளி விழா'வில் காதருகே பேசுகிற மாதிரி ஒரு பாட்டுப் பாடியிருக்கிறாரே, அதை நான் முதலில் கேட்டது அப்படிக் காதை ஒட்டி வைத்துத்தான். அந்தப் பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான முறை கிடையாது.

இனி பொப்புக்கு வருகிறேன். அப்போது தமிழில் பாட்டு என்றால் ஒன்று சினிமா, இல்லாவிட்டால் கச்சேரி, பக்தி, கிராமத்துப் பாட்டு. சினிமாவில் வராமல், சாமியையும் பாடாமல், இளவட்டங்கள் கிதார் வைத்துக்கொண்டு தாங்களே எழுதி, தாங்களே மெட்டமைத்து, தாங்களே பாடிய தமிழ்ப் பாட்டு நம் பக்கம் கேள்விப்படாதது. இலங்கையில் அது நடந்தது. நித்தி கனகரத்தினம் என்பவர் கல்லூரி நாட்களில் எழுதிப் பாட ஆரம்பித்தவர். 'சின்ன மாமியே' அவர் பாட்டு. மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கிற கிண்டல். அதில் உள்ள யாழ்ப்பாணத்துப் பேச்சு எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் கிண்டல் முழுசாகப் புரிந்தது. அத்தை மகளைக் கட்டிக்கொள்கிற நம் ஊரில் அது புரியாமல் போகுமா? எங்கள் தெருவில் இரண்டு மூன்று அத்தைமார் அந்தப் பாட்டு வந்தால் ரேடியோவை நிறுத்தச் சொல்லுவார்கள். அதற்காகவே சத்தத்தைக் கூட்டி வைக்கும் பையன்களும் இருந்தார்கள்.

கள்ளுக்கடைப் பக்கம் போக வேண்டாம் என்று புத்தி சொல்கிற ஒரு பாட்டும் நித்தி கனகரத்தினத்துடையதுதான். அது வந்த நேரத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். இருபது வருஷத்துக்கு மேல் மூடிக்கிடந்த கள்ளுக்கடை ஊருக்கு ஊர் திறந்தது. 1973, 74-ல் மறுபடி மூடினார்கள். அந்த இடைவெளியில் எங்கள் ஊர் டீக்கடையில் இந்தப் பாட்டு ஒலிக்கும். அதற்கு எதிரில் கள்ளுக்கடைக்குப் போகிற வழி. அந்த வழியாகப் போகிறவர்கள் பாட்டு முடிகிறவரை டீக்கடையில் நின்று தாளம் போட்டுவிட்டு அப்புறம் போவார்கள். பிரசாரம் எந்த அளவுக்கு வேலை செய்தது என்பதற்கு அதுவே கணக்கு.

அடுத்தவர் ஏ.ஈ. மனோகரன். பொப் இசைச் சக்கரவர்த்தி என்று அங்கே பட்டம். நமக்கு அவர் சிலோன் மனோகர். அவர் பாடிப் பிரபலமான 'சுராங்கனி' தமிழ்நாட்டில் கல்யாண வீடு, கல்லூரி விழா, பஸ் எல்லாவற்றிலும் ஒலித்தது. பாதி சிங்களம், பாதி தமிழ். சுராங்கனிக்கு மீன் வருகிறது என்பதுதான் விஷயம். அர்த்தம் தெரியாமலே எல்லோரும் பாடினோம். அந்தத் துள்ளல் தாளத்துக்குப் பைலா என்று பெயர். போர்த்துக்கீசியர் இலங்கைக்குக் கொண்டுவந்து போட்ட விதை, சிங்களப் பாட்டில் முளைத்து, தமிழ்ப் பையன்கள் கையில் பொப்பாகக் காய்த்தது. 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அந்தப் பாட்டைப் பயன்படுத்தினார். பொதுவாகச் சினிமாப் பாட்டுத்தான் ரேடியோவுக்கு வரும். இங்கே ரேடியோவில் பிரபலமான பாட்டு சினிமாவுக்குப் போனது. மனோகரன் 1978-ல் 'வாடைக்காற்று' என்ற இலங்கைப் படத்தில் நடித்தார். பிறகு சென்னைக்கே வந்து நம் படங்களில் வில்லனோடு நிற்கிற ஆளாக நிறைய நடித்தார். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அவ்வளவு பாட்டைக் கொடுத்தவரை நம் ஜனங்கள் 'அந்தச் சுருட்டை முடி அடியாள்' என்றுதான் நினைவு வைத்திருந்தார்கள் என்பது எனக்கு ஒரு குறைதான்.

அறிவிப்பாளர்களைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். மயில்வாகனன் எங்கள் அப்பா தலைமுறைக்கு. எங்களுக்குக் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம். ராஜா பேசினால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் தாள் நுழையாது. அப்படி ஒரு வேகம், ஆனால் ஒரு எழுத்துக்கூடச் சிதையாது. ஹமீத் நிதானம். அவர் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' பிற்பாடு நம் டி.வி.க்கும் வந்தது. ராஜேஸ்வரி அம்மா குரலில் ஒரு வீட்டுத்தனம் இருக்கும். எங்கள் அம்மா சமையலறையிலிருந்தே அந்தக் குரலுக்குப் பதில் சொல்லுவார். 'நேயர்' என்ற வார்த்தையை நாங்கள் கற்றது இவர்களிடம். 1967-ல் நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது, 1972-ல் நாட்டின் பெயரும் ஸ்ரீலங்கா ஆனது. எங்களுக்கு அது கடைசிவரை சிலோன் ஸ்டேஷன்தான். கூட்டுத்தாபனம் என்றால் என்னவென்று எங்கள் தமிழய்யாவுக்கே சட்டென்று சொல்ல வரவில்லை.

'நீங்கள் கேட்டவை' நிகழ்ச்சியில் பாட்டைவிடப் பெயர்ப் பட்டியல் நீளமாக இருக்கும். விரும்பிக் கேட்டவர்கள் என்று ஊர் ஊராகப் படிப்பார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, பதுளை என்று வரும். நடுவில் தமிழ்நாட்டு ஊர்களும் வரும். எங்கள் ஊர் தறிக்காரர் ஒருவர் மாதம் தவறாமல் கடிதம் போடுவார். ஒரு நாள் அவர் பெயர் வந்தேவிட்டது. அன்றைக்கு அவர் டீக்கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு ஒரு வருஷத்துக்கு அந்தச் செய்தியை அவர் வாயால் கேட்காதவர் யாரும் எங்கள் ஊரில் இல்லை.

இதுவரை சொன்னது சந்தோஷமான பகுதி. செயலாளர் மன்னிக்க வேண்டும். இந்தக் கதையை இங்கேயே நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

1982-ல் என்னைக் கோத்தகிரிக் கிளைக்கு மாற்றினார்கள். நீலகிரியில் அப்போது இலங்கையிலிருந்து வந்தவர்கள் ஏராளம். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் எங்கும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் அவர்களுக்கு வேலை கொடுத்திருந்தார்கள். நாம் டான்டீ என்று வாங்குகிறோமே, அந்தத் தோட்டங்களின் ஆரம்பமே 1968-ல் இவர்களுக்காகத்தான். ரெப்கோ பேங்க் 1969-ல் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. கோயமுத்தூரில் இன்றும் அந்தப் போர்டைப் பார்க்கிறோம், பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசிப்பதில்லை.

விஷயம் இதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன ஜனங்கள். மூன்று நாலு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தில் அவர்களுக்கு நாடே இல்லாமல் போனது. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது. மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். லெட்ஜரில் எழுதினால் டேலி ஆகிற கணக்கு. ஆனால் பிரித்தது குடும்பங்களை. அப்பாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட், கட்டிக்கொடுத்த மகளுக்கு இலங்கைக் குடியுரிமை என்று எத்தனையோ வீடுகள்.

அப்படி வந்த பெரியவர் ஒருவர் மாதம் ஒரு தடவை எங்கள் கவுண்டருக்கு வருவார். அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தலைமன்னார் வந்து, கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் கோத்தகிரி சேர்ந்தவர். ஒரு நாள் பையிலிருந்து டிரான்சிஸ்டரை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தார்.

"சார், இதுல சிலோன் சரியா எடுக்க மாட்டேங்குது. கோயமுத்தூர்ல யாராச்சும் பார்ப்பாங்களா சார்?"

நானும் சிலோன் நேயர் ஆயிற்றே. சனிக்கிழமை ஊருக்கு இறங்கும்போது கொண்டுபோய்ப் பழுது பார்த்து வந்தேன். பேண்ட் மாற்றுகிற சுவிட்சில் அழுக்கு, வேறொன்றும் இல்லை. கொடுக்கும்போது, "இனிப் பொப் பாட்டெல்லாம் சுத்தமாகக் கேட்கலாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "பாட்டுக்கு இல்ல சார். பாட்டு முடிஞ்சு அறிவித்தல் வரும்ல, அதுக்கு."

மரண அறிவித்தல். சிலோன் ஸ்டேஷனைக் கேட்டவர்களுக்குத் தெரியும். இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் காலமானார், அன்னார் இன்னாரின் கணவர், இன்னாரின் தகப்பனார், நல்லடக்கம் எத்தனை மணிக்கு என்று ஒரே சீரான குரலில் படிப்பார்கள். எங்கள் வீட்டிலும், எனக்குத் தெரிந்த எல்லா வீட்டிலும், அது ஆரம்பித்ததும் ரேடியோவை அணைத்துவிடுவோம். யாரோ எங்கோ செத்ததைக் கேட்டு நமக்கு என்ன என்றுதான். அந்தப் பெரியவருக்கு நிகழ்ச்சி ஆரம்பிப்பதே அங்கேதான். மகள் அட்டனில் இருந்தாள். அண்ணன் குடும்பம் பதுளைப் பக்கம். கடிதம் வர நாளாகும், சில சமயம் வராது. ரேடியோவில் அவர்கள் பெயர் வரவில்லை என்றால் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று கணக்கு. தினமும் அந்தக் கணக்கைச் சரிபார்த்துவிட்டுத்தான் தூங்கப் போவார்.

இன்னொன்றும் சொன்னார். 'சின்ன மாமியே' ரேடியோவில் வந்தபோது அவர் அங்கே லயத்தில் இருந்து கேட்டிருக்கிறார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த ஓரறை வீடுகள். பத்து வீட்டுக்கு ஒரு ரேடியோ. அதே நாள், அதே நேரம், நான் சூலூர்ப் பக்கத்தில் காதை ஒட்டி வைத்துக் கேட்டிருப்பேன். ஒரே பாட்டைக் கேட்ட இருவரில் ஒருவர் கவுண்டருக்கு இந்தப் பக்கம், இன்னொருவர் அந்தப் பக்கம். கோத்தகிரியிலும் சரி, இங்கேயும் சரி, அவர்களைச் 'சிலோன்காரங்க' என்பார்கள். அங்கே அவர்களை இந்தியாக்காரன் என்றார்களாம்.

1983 ஜூலையில் கொழும்பில் கலவரம் வெடித்தது. மலைநாட்டுத் தமிழர்களும் தப்பவில்லை. அந்த வாரம் பெரியவர் பணம் எடுக்க வரவில்லை. சும்மா வந்து, பேங்க் வாசல் திண்ணையில் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் சரியாக எடுக்கவில்லை, இங்கே மேடு என்றார். மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை, பியூனை விட்டு டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னார். மகளிடமிருந்து கடிதம் வந்தது செப்டம்பரில். அதையும் கொண்டுவந்து எங்களிடம் காட்டினார். அடுத்த வருஷம் ராமேஸ்வரம் தலைமன்னார் கப்பலும் நின்றுபோனது. எனக்கு 1985-ல் மாற்றல் வந்தது. அதற்குப் பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை.

நமக்கு அவ்வளவு பாட்டுப் போட்ட அந்த நிலையத்தின் ஆட்களுக்கும் நல்ல காலம் இருக்கவில்லை. கே.எஸ். ராஜா கொழும்பில் கொலை செய்யப்பட்டார். நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். ராஜேஸ்வரி சண்முகம் 2012-ல் காலமானார். நம் பக்கத்திலும் சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் ஆரம்பித்து, எண்பதுகளில் டி.வி. வீட்டுக்கு வீடு வந்தபோது, கூரை மேல் இருந்த வலை ஏரியலைக் கழற்றிவிட்டு வேறு ஏரியலை மாட்டினார்கள். வால்வு ரேடியோ பரணுக்குப் போனது, பரணிலிருந்து பழைய இரும்புக்கடைக்குப் போனது. தடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

பாட்டுகள் இன்றைக்குக் கிடைக்கின்றன. 'சுராங்கனி' வேண்டுமென்றால் யூடியூபில் தேடினால் வந்துவிடும். பாட்டுக்கு முன்னும் பின்னும் வந்த பேச்சு, பெயர்ப் பட்டியல், நேரம் சொன்ன குரல் ஆகியவை கிடைப்பது அபூர்வம். நேரடியாகப் பேசியது காற்றோடு போய்விட்டது. மிஞ்சியது சில வீடுகளில் டேப் ரிக்கார்டரை ரேடியோ பக்கத்தில் வைத்துப் பதிந்து வைத்த கேசட்டுகள் மட்டும். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் அந்த வழக்கம் நம் பக்கம் நிறைய இருந்தது. பாட்டுக்காகப் பதிந்திருப்பார்கள். அறிவிப்பாளர் குரலும், பின்னால் சமையலறைச் சத்தமும், குழந்தை அழுகையும் சேர்ந்தே பதிந்திருக்கும். அதில் ராஜாவின் குரல் அரை நிமிஷம் இருந்தாலும் பொக்கிஷம்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்கிறபோது பரண் மேல் அட்டைப் பெட்டியில் பழைய கேசட் கிடந்தால் எடுத்து வையுங்கள். மருமகளிடமும் சொல்லி வையுங்கள். லேபிளில் 'சிலோன்' என்றோ தேதியோ எழுதியிருந்தால் கண்டிப்பாக எறிய வேண்டாம். நாடா சுருண்டிருந்தாலும் பரவாயில்லை, பென்சிலை விட்டுச் சுற்றும் வித்தை நம் வயதில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற கருவி என்னிடம் ஒன்று இருக்கிறது. 'பி' பிளாக் இரண்டாம் மாடியில் கொண்டுவந்து கொடுத்தால் பதிந்துவிட்டு, கேசட்டையும் திருப்பித் தருகிறேன், ஒரு பிரதியும் தருகிறேன். கட்டணம் கிடையாது. மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். மதியம் வந்தால் நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

நம் குடியிருப்பிலேயே நீலகிரியிலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பெரியவர்கள் அந்தக் கப்பலில் வந்தவர்கள் என்று கூட்டம் முடிந்த பிறகு என்னிடம் சொன்னார்கள். அடுத்த கூட்டத்தில் பேச அவர்களைக் கேட்டிருக்கிறேன். அவர்களில் ஒரு அம்மா, எனக்கு மேடையில் பேசத் தெரியாதே என்றார். மேடை எதற்குங்கம்மா, நாற்காலியில் உட்கார்ந்தே பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் வருவார்.